நாற்காலி உயரத்தில் கட்டிய வீடு

போன மாதம் என் பழைய அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். புதிதாகச் சேர்ந்த இன்ஜினியராம். குளியலறைக் கைப்பிடிக் கம்பியைத் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் பொருத்துவீர்கள் என்று கேட்டாள். சொன்னேன். சாய்தளத்தின் சரிவைக் கேட்டாள். ஓர் அடி ஏற வேண்டுமென்றால் பன்னிரண்டு அடி நீளம் விடு, அதில் கஞ்சத்தனம் கூடாது என்றேன். பிறகு, ஜவ்வாது மலையில் இன்னொரு சிப்பாய்க்கு வீடு கட்டப் போகிறோம், மலையில் கட்டுவதென்றால் தனியாக ஏதாவது பார்க்க வேண்டுமா சார் என்று சாதாரணமாகக் கேட்டாள். லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து அவள் ஹலோ ஹலோ என்றாள். எழுதி அனுப்புகிறேன் அம்மா என்று சொல்லி வைத்துவிட்டேன். எழுத உட்கார்ந்தால் அது அரைப் பக்கத்தில் முடிகிற விஷயமாக இல்லை.

நான் போளூர்க்காரன். டிப்ளமோ முடித்துவிட்டு ஒரு காண்ட்ராக்டரிடம் ரேஷன் கடை, கால்நடை மருந்தகம், பள்ளிக்கூடச் சுற்றுச்சுவர் என்று கட்டிக்கொண்டிருந்தேன். அந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ரசமட்டம் பார்க்கக் கற்றேன், மேஸ்திரிகளிடம் கேலி வாங்கக் கற்றேன், மணலில் மண் கலந்திருந்தால் விரலால் கண்டுபிடிக்கக் கற்றேன். காண்ட்ராக்டர் தொழிலை மூடியபோது வேலூரில் ஓர் அறக்கட்டளையில் ஓவர்சியர் வேலை கிடைத்தது. எல்லையில் அடிபட்டு, ஆஸ்பத்திரியில் தேறி ஊருக்குத் திரும்புகிற சிப்பாய்களுக்கு அவரவர் சொந்த மனையிலேயே சக்கர நாற்காலி புழங்குகிற மாதிரி வீடு கட்டித் தரும் அறக்கட்டளை அது. வீடுதானே, இதில் என்ன பெரிய வித்தை என்ற மிதப்பில்தான் போய்ச் சேர்ந்தேன். ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தேன்.

அங்கே தலைமைப் பொறியாளராக இருந்தவரை நாங்கள் மேஜர் சார் என்போம். பட்டாளத்தில் பாலம் போடும் பிரிவில் இருந்தவர். கண்ணிவெடியில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. செயற்கைக் காலோடு நடப்பது வெளியே தெரியாது. படி இறங்கும்போது மட்டும் கொஞ்சம் தெரியும். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. சித்தாள் பெண்களைக்கூட வாங்க, போங்க என்பார். சுவரில் ஏதாவது கோணலாக இருந்தால், "இத நாளைக்குப் பாக்கலாம்" என்று மட்டும் சொல்வார். மறுநாள் காலை நாங்கள் போவதற்கு முன்பே வந்து, சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, உளியும் சுத்தியுமாக அந்தச் சுவரைத் தானே இடித்துக்கொண்டிருப்பார். திட்டித் தொலைத்தால் தேவலையே என்று எங்களுக்கு இருக்கும்.

வரைபடத்தை அவர் நம்ப மாட்டார். மனையைச் சமன் செய்ததும் முழு வீட்டையும் அதன் நிஜ அளவில் சுண்ணாம்புத் தூளால் தரையில் கோடு போடச் சொல்வார். சுவரின் கனம் முதற்கொண்டு வர வேண்டும். கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதற்கு வளைகோடு. அடுப்பு மேடை வரும் இடத்தில் செங்கல் அடுக்கு, கழிப்பறைப் பீங்கான் வரும் இடத்தில் கவிழ்த்த பக்கெட். எல்லாம் ஆனதும் செயற்கைக் காலைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, சக்கர நாற்காலியில் உட்கார்ந்து அந்தச் சுண்ணாம்பு வீட்டுக்குள் போவார். வாசலில் நுழைவார், கூடத்தில் திரும்புவார், குளியலறையில் பின்னோக்கி உருட்டி வெளியே வருவார். சக்கரம் எங்கே கோட்டை அழிக்கிறதோ அங்கே சுவர் தள்ளிப் போக வேண்டும். வெயிலில் அவர் காலைப் பிடித்துக்கொண்டு நான் நிற்பேன். ஊரே கூடி வேடிக்கை பார்க்கும். முதல் தடவை எனக்கு வெட்கமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது.

அவர் முடித்ததும் வீட்டுக்காரச் சிப்பாய் அதே மாதிரி போய்வர வேண்டும். மேஜர் அவரிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "எங்க இடிக்குது?" கேட்டுவிட்டுக் காத்திருப்பார். எங்கேயும் இடிக்கவில்லை என்று சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து, ஒரு விஷயம் சார் என்று ஆரம்பித்தவர்கள்தான் அதிகம். கைப்பிடிக் கம்பி சுவரில் ஏறியதும் இரண்டு சிமென்ட் மூட்டைகளைக் கயிறு கட்டி அதில் தொங்கவிட்டு, மறுநாள்வரை அப்படியே விடுவோம். பூச்சில் மயிரிழை விரிசல் கண்டாலும் கம்பியைப் பிடுங்கித் துளையை ஆழமாக்கி மறுபடி பொருத்த வேண்டும். குளியலறைத் தரையில் ஒரு குடம் தண்ணீரைக் கொட்டிவிட்டு அது எந்தப் பக்கம் போகிறது என்று குத்துக்காலிட்டுப் பார்த்துக்கொண்டிருப்போம். கட்டி முடித்த பிறகும் விடமாட்டார். முதல் மழைக்காலம் முடியும் தறுவாயில் நான் ஒவ்வொரு வீட்டுக்கும் போய் ஒரு பகல் முழுக்க இருந்து பார்த்துவிட்டு வர வேண்டும். ஒழுகுகிறதா என்று பார்ப்பது சாக்கு. எப்படிப் புழங்குகிறார்கள் என்று பார்ப்பதுதான் வேலை.

ஆள் பிடிவாதக்காரர் என்று நினைத்துவிடக் கூடாது. படவேட்டுப் பக்கம் ஒரு கரும்பு விவசாயியின் மகனுக்கு வீடு கட்டினோம். வாசலில் கீழ்ச்சட்டம் வைக்க முடியாது, சக்கரம் தட்டும். அந்தப் பையனின் அம்மா ஒப்பவே இல்லை. மஞ்சள் பூசிக் குங்குமம் வைக்க வாசப்படி இல்லாத வீட்டில் விளக்கேற்ற மாட்டேன் என்று மனையிலேயே உட்கார்ந்துவிட்டார். மேஜர் அவரோடு ஒரு வாக்குவாதமும் செய்யவில்லை. போளூரில் ஒரு மரக்கடைக்கு என்னை அனுப்பி நல்ல வேங்கைப் பலகை ஒன்று வாங்கி வரச் சொன்னார். அதைத் தரைமட்டத்துக்குப் பதித்து, மேலே இழைத்துவிட்டார். சக்கரத்துக்குத் தட்டாது, அம்மாவுக்கு மஞ்சள் பூச இடம் இருக்கும். வெள்ளிக்கிழமைதோறும் பூசினார். சக்கரத்தில் மஞ்சள் ஒட்டி வீடெல்லாம் கோடாக இழுக்கும், அதைத் துடைத்துக்கொண்டே இருப்பார். மனிதர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று கேட்டுக் கட்டத் தெரிந்தவர் மேஜர். இதைச் சொல்லாமல் கோவிந்தன் விஷயத்தைச் சொன்னால் அவருக்கு அநியாயம் செய்தவனாவேன்.

கோவிந்தனின் ஊர் ஜமுனாமரத்தூருக்கு அப்பால், மண்சாலையில் உள்ளே போக வேண்டும். சுற்றிலும் சாமைக் கொல்லை, புளிய மரங்கள். அந்த ஊரிலிருந்து பட்டாளத்துக்குப் போன முதல் ஆள் அவர்தான். வடக்கே பனிச்சாலையில் வண்டி உருண்டு முதுகெலும்பில் அடி. இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. பட்டாள ஆஸ்பத்திரியில் நெடுநாள் கிடந்து, சக்கர நாற்காலி பழகி, கையெல்லாம் கட்டை கட்டையாக முறுக்கேறி ஊருக்கு வந்திருந்தார். மனைவி லட்சுமி, சின்னப் பெண் குழந்தை ஒன்று, அப்பா சடையன். அம்மா இல்லை. சடையன் ஊரில் சொல்லுக்கு மதிப்புள்ள பெரியவர். அவருடைய மண்சுவர் வீட்டுக்கு எதிரே, ஒரே முற்றத்தில்தான் புது வீட்டுக்கு மனை. அதனால் வேலை சுலபம் என்று நான் சந்தோஷப்பட்டேன்.

சுண்ணாம்புக் கோடு போட்டோம். மேஜர் உள்ளே போய் வந்தார். கோவிந்தன் போய் வந்தார், ஒரு கோடுகூட அழியவில்லை. எங்கே இடிக்கிறது என்று மேஜர் கேட்டார். கோவிந்தன் கொஞ்ச நேரம் சக்கரத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

"எங்கயும் இடிக்கலைங்க சார். ஆனா எல்லாத்தையும் கீழ எறக்கிடுங்க" என்றார்.

அவர் கேட்டது இதுதான். குழாய், ஸ்விட்ச், ஜன்னல், அடுப்பு எல்லாம் தரையில் உட்கார்ந்திருப்பவன் கைக்கு எட்டுகிற மாதிரி வேண்டும். தரையை வழவழவென்று போட்டுவிட்டால், கையை ஊன்றி நகர்ந்துகொள்வார். வெளியே போக மட்டும் நாற்காலி. அவர்கள் வீட்டில் சமைப்பது, உண்பது, படுப்பது, பேசுவது எல்லாமே தரையில்தான். "எல்லாரும் கீழ கீறாங்க. நான் மட்டும் ஒசரத்துல இன்னா சார் பண்றது?"

மேஜர் தன் நாற்காலியை அவர் பக்கத்தில் உருட்டிக்கொண்டு போனார். ஆஸ்பத்திரியில் தனக்குப் பக்கத்துக் கட்டிலில் இருந்த ஒருவரைப் பற்றிச் சொன்னார். அவரும் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாதவர். லீவில் ஊருக்குப் போய்த் தரையில் நகர்ந்து பழகியிருக்கிறார். தோல் தேய்ந்தது தெரியவில்லை, புண் எலும்புவரை போனதும் தெரியவில்லை. காய்ச்சலோடு திரும்பி வந்தார், பிறகு ஊருக்குப் போகவில்லை. "உங்களுக்கு வலிக்காது கோவிந்தன். அதுதான் எனக்குப் பயம். தரையில உக்கார வெச்சு உங்கள நான் சாகடிக்க முடியாது" என்றார் மேஜர்.

கோவிந்தன், சரிங்க சார் என்றார். மேலதிகாரி சொன்னதும் விறைப்பாக வருகிற சரி அது.

மலையில் வீடு கட்டுவது என்றால் பாதி வேலை மலைப்பாதையில்தான். கொண்டை ஊசி வளைவில் லாரி திணறும் என்று செங்கல்லைப் பாதி பாதியாக ஏற்றி, ஜமுனாமரத்தூரில் இறக்கி, அங்கிருந்து சின்ன வண்டியில் உள்ளே கொண்டுபோனோம். வீடு நன்றாகவே வந்தது. என் கையால் கட்டியதில் அது ஒன்றுதான் ஒரு குறையும் சொல்ல முடியாத வீடு. கைதொடும் உயரத்தில் ஸ்விட்ச், முட்டி நுழைகிற மாதிரி அடியில் காலியாக விட்ட அடுப்பு மேடை, நாற்காலியில் இருந்தபடி வெளியே பார்க்கிற ஜன்னல். திறப்பு விழாவுக்குக் கீழேயிருந்து பெரிய மனிதர்கள் வந்தார்கள், ரிப்பன் வெட்டினார்கள், கோவிந்தனை வைத்துப் போட்டோ பிடித்தார்கள். வாடகை நாற்காலி நிறையப் போட்டிருந்தோம். ஊர்க்காரர்கள் ஒருவரும் அதில் உட்காரவில்லை, விழா முடியும்வரை நின்றார்கள். கூச்சப்படுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு நான் பந்தியைக் கவனிக்கப் போய்விட்டேன்.

மழை பார்க்கிற வழக்கப்படி மறுபடி போனேன். வீடு ஒரு பொட்டு ஒழுகவில்லை. லட்சுமி காலையில் நீளக் காம்பு வைத்த கண்ணாடியைப் பிடித்து, கோவிந்தனின் உட்காரும் இடத்துத் தோலைக் காட்டிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்த வேலை அது, தினமும் செய்ய வேண்டும். தோல் சுத்தமாக இருந்தது. காற்றடைத்த மெத்தை, அதன் மேல் கோவிந்தன், கொஞ்சம் கொஞ்சம் நேரத்துக்கு ஒருமுறை இரண்டு கையையும் ஊன்றி உடம்பைத் தூக்கிவிட்டுக்கொள்வார். எல்லாம் புத்தகத்தில் போட்ட மாதிரி இருந்தது.

பிறகு ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். வாசலுக்குள் வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். எப்படி இருக்கிறாய் என்பார்கள். மழை எப்படி, கொல்லை எப்படி என்று இரண்டு வார்த்தை. அப்புறம், வர்றேன் என்று போய்விடுவார்கள். நின்றுகொண்டு எவ்வளவு நேரம்தான் பேச முடியும். நாங்கள் கொடுத்த பிளாஸ்டிக் நாற்காலிகள் மூலையில் இருந்தன, மேலே சாமை மூட்டை அடுக்கியிருந்தது. மதியம் லட்சுமி ஒரு தட்டில் சோறு போட்டு அடுப்பு மேடைமேல் வைத்துவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கே சடையனும் அவர் தம்பி வீட்டாரும் வட்டமாகத் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அவர்கள் பேசிச் சிரிப்பது இங்கே கேட்டது. கோவிந்தன் ஜன்னல் ஓரம் இருந்து சாப்பிட்டார். ஜன்னலை நான்தான் அந்த உயரத்தில் வைத்தேன்.

சாயங்காலம் சடையனும் வந்து அப்படித்தான் நின்றார். பெற்ற மகன் முன்னால். நான் ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை. ஏன் என்று கேட்டதற்குச் சொன்னார்:

"எங்க ஊர்ல நாற்காலில உக்காந்தவங்கன்னா பாரஸ்ட் ஆபீசருங்க, தாசில்தாருங்க. அவங்க முன்னாடி நின்னே பழகிட்டோம் சார். மேல ஒரு ஆளு உக்காந்திருந்தா கீழ உக்காரவும் வர்றதில்ல, சமமா உக்காரவும் வர்றதில்ல. எம்புள்ளதான்னு தெரியுது. காலு மடங்க மாட்டேங்குது."

அன்பில் குறை இருந்தால் சண்டை போட்டாவது சரிசெய்யலாம். இதில் எவரைப் போய்க் கோபித்துக்கொள்வது? கிளம்பும்போது கோவிந்தனிடம், உடம்பு நன்றாக இருக்கிறதே, அதைப் பாருங்கள் என்று ஒப்புக்கு ஏதோ சொன்னேன்.

"நல்லாத்தான் கீறேன் சார். யார்கூட நல்லா இருக்கறது?" என்றார்.

மேஜரிடம் வந்து சொன்னேன். அவர் அடுத்த வாரம் என்னோடு மலைக்கு வந்து, ஒரு பகல் முழுக்க கோவிந்தனுக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வந்தவர்கள் எல்லோரும் நின்றார்கள், போனார்கள். மேஜர் இருந்ததால் இன்னும் சீக்கிரம் போனார்கள். மாலையில் அவர் என்னிடம் சுண்ணாம்புத் தூள் கேட்டார். குடியிருக்கிற வீட்டுக்குள், நாங்கள் பதித்த டைல்ஸ் தரையின் மேல், கூடத்தில் பாதியை அடைத்து ஒரு பெரிய சதுரம் போட்டார். அந்தச் சதுரம் முழுவதையும் நாற்காலி உயரத்துக்கு, ஒன்றரை அடி உயர்த்தி மேடையாகக் கட்டுவது. கோவிந்தன் நாற்காலியிலிருந்து பக்கவாட்டில் தன் மெத்தையோடு அதில் நகர்ந்துகொள்ளலாம், உரசல் இல்லை. மற்றவர்கள் ஏறி அவரைச் சுற்றிச் சப்பணம் போட்டு உட்காரலாம். அங்கேயே சாப்பிடலாம், படுக்கலாம். "உங்கள கீழ எறக்க முடியாது. தரைய மேல கொண்டாந்துடலாம்" என்றார். கோவிந்தன் வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். சடையன் அந்தச் சதுரத்தைச் சுற்றி வந்து, எத்தனை பேர் உட்காரலாம் என்று விரல்விட்டுப் பார்த்தார்.

ஆனால் அது எங்கள் வரைபடத்தில் இல்லாத வேலை. அறக்கட்டளையின் குழு கூடி ஒப்புதல் தர வேண்டும். ஒப்படைத்த வீட்டில் மறுபடி கை வைப்பதா என்று ஒருவர், மற்ற வீடுகளிலும் கேட்பார்களே என்று ஒருவர். மேஜர் விடாமல் பேசி வாங்கிவிட்டார். வாங்கியபோது மழை திரும்பவும் பிடித்துக்கொண்டது. மலைப்பாதையில் பாறை சரிந்து பஸ்ஸே நின்றுபோனது, லாரிக்கு எங்கே போவது? போளூரில் மணலும் சிமென்டும் வாங்கி வைத்துக்கொண்டு தினமும் மலையை அண்ணாந்து பார்த்தேன். அதன் உச்சியில் மேகம் விலகவே இல்லை.

அந்த இடைவெளியில் அங்கே சாமை அறுப்பு முடிந்திருக்கிறது. புதுச் சாமையைப் பொங்கிச் சாமிக்குப் படைத்துவிட்டு, பங்காளிகள் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுவது அவர்கள் வழக்கம். மூத்தவரில் ஆரம்பித்து வரிசை போகும், அதில் ஒவ்வொரு ஆணுக்கும் ஓர் இடம் உண்டு. சடையனுக்கு அடுத்த இடம் கோவிந்தனுடையது. அவர் பட்டாளத்தில் இருந்த வருடங்களில் அந்த இடத்தில் இலையைப் போட்டுக் காலியாக விட்டிருக்கிறார்கள். அந்த வருடமும் போட்டார்கள். கோவிந்தன் முற்றம்வரை நாற்காலியில் வந்து, அதிலிருந்து கையை ஊன்றிக் கீழே இறங்கி, அப்பா பக்கத்தில் போய் வெறுந்தரையில் உட்கார்ந்துகொண்டார். சடையன் தடுக்கவில்லை. தடுக்கிற மனம் எவருக்கு வரும்? அதற்குப் பிறகு ராச்சாப்பாடு தினமும் எதிர் வீட்டில், தரையில். பேச்சு முடிந்து எல்லோரும் எழுந்திருக்கும்வரை அவரும் எழுந்திருக்கவில்லை.

லட்சுமி இதையெல்லாம் பிறகு ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் என்னிடம் சொன்னாள். கண்ணாடியில் முதலில் ஒரு சிவப்பு தெரிந்திருக்கிறது. அவள் பயந்துபோய்ச் சொல்லியிருக்கிறாள். மேஜர் சாருக்குச் சொல்லிடாதே, மேடை வர்ற வரைக்கும்தான் என்று அவர் கெஞ்சியிருக்கிறார். "அவ்ளோ சந்தோசமா இருந்தாருங்க. எனக்கு வாய் வரல" என்றாள். அவளை நான் என்ன கேட்பது? நான் அங்கே இருந்திருந்தாலும் எனக்கும் வந்திருக்காது.

பாதை திறந்ததும் கொத்தனார்களோடு போய் இறங்கினேன். கோவிந்தன் நாற்காலியில் இருந்து மேற்பார்வை பார்த்தார். மேடையின் ஓரம் வளைவாக இருக்கட்டும், குழந்தை விழுந்தால் அடிபடாது என்றார். உற்சாகமாகத்தான் பேசினார். ஆனால் முகம் வெளுத்திருந்தது, நெற்றியில் வேர்வை. பக்கத்தில் போனபோது ஒரு வாடை வந்தது. லட்சுமியைப் பார்த்தேன், அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். முற்றத்தில் சிக்னல் கிடைக்கிற இடத்துக்கு ஓடி மேஜருக்குப் போன் செய்தேன். அவர் ஏன், எப்படி என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, வண்டி அனுப்பினார். கோவிந்தனைக் குப்புறப் படுக்க வைத்து மலையிறக்கினார்கள். புண் எலும்பைத் தொட்டிருந்தது. சீழ் ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள்.

நான் ஒரு நாள் மலை, ஒரு நாள் ஆஸ்பத்திரி என்று அலைந்தேன். வேலையை நிறுத்தவா என்று மேஜரைக் கேட்டேன். முடிச்சுடுங்க என்றார். திரும்பி வந்ததும் அவரை அதில்தான் படுக்க வைக்க வேண்டும் என்று நாங்கள் இரண்டு பேரும் நம்பினோம், அல்லது நம்புவதாக ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டோம். கடைசியாக நான் பார்த்தபோது கோவிந்தன் கண்ணை மூடியபடியே, பூச்சு ஆயிடுச்சா சார் என்று கேட்டார். ஆகிவிட்டது, தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கிறோம் என்றேன். நல்லா ஊறட்டும் என்றார். மறுநாள் போய்விட்டார்.

அம்மா, மலையில் கட்டுவதற்குத் தனியாக என்ன பார்க்க வேண்டும் என்று கேட்டாய். அந்த மேடையைப் பொது வரைபடத்தில் சேர்க்கச் சொல்லி மேஜர் எழுதிக் கொடுத்தார். அவர் ஓய்வு பெற்ற பிறகு நானும் கேட்டுப் பார்த்தேன். தேவைப்பட்டால் பார்க்கலாம் என்றார்கள். இப்போது கம்ப்யூட்டரில் ஒரே வரைபடம், மலைக்கும் அதுதான், சமவெளிக்கும் அதுதான். அதில் மேடை இல்லை என்பது நீ கேட்ட கேள்வியிலிருந்தே தெரிந்துவிட்டது. அதைக் கேட்டு வாங்கு, வீடு எழும்போதே கட்டு என்று சொல்கிறேன். ஆனால் அதைச் சொல்லிவிட்டதால் மனம் ஆறவில்லை. ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்தது சரி. மேஜர் சொன்னது சரி. கோவிந்தன் கேட்டதும் சரி. எல்லோரும் சரியாக இருந்தும் ஒரு மனிதனைப் பறிகொடுத்தோம். இத்தனை வீடு கட்டினாயே என்று யாராவது பாராட்டினால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. இரவில் படுத்தால் மற்ற வீடுகள் எதுவும் நினைவுக்கு வருவதில்லை.

அவரை ஊருக்குக் கொண்டுவந்த நாளை மட்டும் எழுதி முடித்துவிடுகிறேன். ஆம்புலன்ஸ் முற்றத்துக்குள் வந்து நின்றது. புது வீட்டில்தான் வைக்க வேண்டும் என்று சடையன் சொன்னார். மேடையில் வைக்கலாமா என்று லட்சுமியின் அண்ணன் என்னைக் கேட்டார். மேடைமேல் ஈரச்சாக்கு விரித்திருந்தது, பூச்சு இன்னும் இறுகவில்லை, ஆள் ஏறினால் பெயர்ந்துவிடும். அதை நான் வாயைத் திறந்து சொல்ல வேண்டியிருந்தது. அதனால் மேடைக்குக் கீழே, கூடத்துத் தரையில் பாய் விரித்துக் கிடத்தினார்கள். நாற்காலியை யாரோ மடக்கி வெளியே சுவரில் சாய்த்தார்கள்.

மேஜர் வந்தார். செயற்கைக் காலோடு அவரால் தரையில் உட்கார முடியாது. ஒருவர் பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டார், வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு வாசலில் நின்றார். அவருக்குப் பின்னால் ஊரே நின்றது. சாய்தளம் முழுக்க, முற்றம் முழுக்க ஆட்கள். அந்த வீட்டு வாசலுக்கு வந்தால் நின்று பார்த்துவிட்டுப் போவதுதான் அவர்களுக்குப் பழக்கமாகியிருந்தது. அழுகிறவர்களும் நின்றுதான் அழுதார்கள்.

சடையன் மகன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். நிமிர்ந்து வாசலைப் பார்த்தார்.

"ஏன் நின்னுக்கினு கீறீங்க? உள்ள வந்து உக்காருங்க" என்றார். "அவன் கீழதான் இருக்கான்."

ஒவ்வொருவராக உள்ளே வந்து, அவரைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.